பத்தாம் தேதி வெட்டு

சென்ற பிப்ரவரிக்கும் இந்தப் பிப்ரவரிக்கும் இடையில் யுவராணியை ஏழு பேர் அடித்தார்கள். பெரும்பாலும் கன்னத்தில். இரண்டு முறை முதுகில். ஒருவன் வயிற்றில் உதைத்தான். அவர் யாரையும் திருப்பி அடிக்கவில்லை. அதற்கு முந்தைய பதினோரு வருடத்தில், அவரை அடிக்கலாம் என்று நினைத்த ஆள்கூட அம்பத்தூர் எஸ்டேட் ஸ்டாண்டில் கிடையாது.

யுவராணிக்கு நாற்பத்தொரு வயது. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கணவர் எங்கே என்று கேட்டால், "பாடி பாலம் ஏறினாரு, இன்னும் எறங்கல" என்பார். அத்திப்பட்டில் ஒரு மாடி வீட்டின் மேல் பகுதியில் அவரும் மகள் ஜோதிகாவும் இருக்கிறார்கள். கீழே வீட்டுக்காரம்மா கெங்கம்மாள். ஜோதிகாவுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ.

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் சக்கரம் கழற்றும் ஸ்பேனர் ஒன்று எப்போதும் இருக்கும். சக்கரம் கழற்றியதைவிட வேறு வேலைகளுக்கு அது அதிகம் பயன்பட்டிருக்கிறது. முன்பே இரண்டு வழக்குகள். மூன்றாவது, சென்ற வருடம் பொங்கல் கழித்து வந்தது. ஸ்டாண்டில் வண்டிகளுக்கு வரிசை போடுகிறவன் சம்பந்தம். ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண் வண்டியில் ஏறும்போது, கூட்டத்தைத் தள்ளுகிற சாக்கில் அவள் இடுப்பைப் பிடித்தான். "கைய எடு" என்றார் யுவராணி. அவன் திரும்பிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் தெரிந்த மேல்வரிசைப் பற்களில் மூன்று அடுத்த நொடி சாலையில் கிடந்தன.

பத்தொன்பது நாள் புழலில் இருந்துவிட்டு வெளியே வந்தபோது, நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிப்ரவரி பத்து முதல் அடுத்த பிப்ரவரி ஒன்பது வரை. எழுத்தர் விளக்கினார்: "ஒரு வருஷத்துக்கு யார் மேலயும் கை வைக்கக் கூடாதும்மா. வைச்சா, மீதி எத்தனை நாள் இருக்கோ அத்தனை நாளும் உள்ள."

"நாளைக்கே வெச்சா?"

"முந்நூத்தி அறுபத்தி நாலு."

"கடைசி நாள்ல வெச்சா?"

"ஒண்ணு." சொல்லிவிட்டு எழுத்தர் சிரித்தார். யுவராணி சிரிக்கவில்லை. கன்னத்தில் விடும் ஒரு அறையின் விலை தினமும் ஒரு நாள் குறையும் என்பது அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஆனால் ஒரு நாள்கூடத் தருவதற்கில்லை. அம்மா உள்ளே இருந்த பத்தொன்பது நாளும் ஜோதிகா ஆவடியில் சித்தி கோமளா வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. திரும்பி வந்ததும் சொன்னாள்: "இன்னொரு தபா நீ உள்ள போனா நான் படிப்ப உட்டுட்டு உன் வண்டிய எடுத்துருவேன். அந்த ஸ்பேனரையும்."

அந்த மிரட்டல் பலித்துவிடக் கூடாது. பத்திரம் முடியும்வரை கை எழக் கூடாது. யுவராணிக்கு அந்த வருடம் முழுக்க இருந்த ஒரே வேலை அதுதான். இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது, அது லாவண்டர்.

செடி கைதுக்கு முன்பே வந்துவிட்டது. தினமும் வண்டியில் போகிற எழிலரசி, கரூரிலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறவர், வீடு மாறும்போது ஒரு தொட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். "லாவண்டருங்க்கா. ஆன்லைன்ல வாங்கினேன். கொசு வராதுன்னு போட்டிருந்துச்சு. எங்கிட்ட பொழைக்க மாட்டேங்குது."

சாம்பல் பூத்த இலை. ஓரத்தில் ரம்பம்போலப் பல். கசக்கினால் வாசனை. யுவராணி அதை மாடியில் வைத்து, துளசிக்கு ஊற்றுவதுபோலக் காலையும் மாலையும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். இலை மஞ்சளானது. வாடுகிறதே என்று இன்னொரு சொம்பு சேர்த்தார். அடித்தண்டு கறுத்தது. சாணம் கரைத்து ஊற்றினார். பாதிச் செடி விழுந்தது. அந்த நிலையில்தான் அவரைக் கைது செய்தார்கள். வீட்டைப் பூட்டினார்கள். மாடியில் செடி தனியாக இருந்தது.

பத்தொன்பது நாள் கழித்து வந்து பார்த்தபோது, தொட்டி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. செத்த கிளைகளுக்கு நடுவே ஆறு புதுத் துளிர். கெங்கம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நான் இருந்தா சாவுது, உள்ள போனா தழைக்குது. இதுக்கு நான் வோணாங்கா, பாத்தியா?"

"உனக்கு ஏத்த செடிதான்" என்றார் கெங்கம்மாள். "நீ கை வெக்காத வரைக்கும் நல்லா கீது."

பத்திரம் வந்த பதினேழாம் நாளே சம்பந்தம் வந்தான். வண்டி வரிசையில் நின்றது. உள்ளே எட்டுப் பேர். சம்பந்தம் பல் போன வாயோடு கிட்ட வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு யுவராணியின் கன்னத்தில் அறைந்தான். சத்தம் டீக்கடை வரை கேட்டது. "திருப்பி அடி பாக்கலாம். முந்நூத்தி நாப்பத்தொம்போது நாளு. நானும் எண்ணிகினுதான் கீறேன்."

யுவராணி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல் எலும்பு வெளுத்தது. வண்டியை எடுத்தார். பின்னால் ஸ்டாண்டே சிரித்தது. அன்று சாயங்காலம் அந்தப் பத்திரத்தை வைத்தே அவருக்குப் பேர் வைத்துவிட்டார்கள்: பாண்டு ராணி.

பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை இடித்திருந்தார்கள். சுண்ணாம்புக் காரை கையகலக் கட்டிகளாகக் குவிந்து கிடந்தது. லாவண்டருக்குத் தண்ணீர் நிற்காத மண் வேண்டும், சுண்ணாம்பு பிடிக்கும் என்று எழிலரசி படித்துச் சொல்லியிருந்தார். யுவராணி இரண்டு மூட்டை அள்ளிவந்தார். கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருக்க, மாடியில் உட்கார்ந்து, இரண்டு கிலோ சம்மட்டியால் காரையை உடைத்தார். கட்டி ஒவ்வொன்றும் பட்டாணி அளவு ஆகும்வரை அடித்தார். கீழே கெங்கம்மாள் வீட்டுக் கூரையிலிருந்து பூச்சு உதிர்ந்தது.

"இன்னிக்கி எவன்டி?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"சம்பந்தம்!"

"அப்போ அடி."

அன்று முதல் அது வழக்கமானது. மாடியில் சம்மட்டிச் சத்தம் கேட்டால் தெருவுக்கே தெரியும், யுவராணி இன்று அடி வாங்கினார் என்று. உடைத்த காரையோடு ஆற்றுமணலும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்து ஒரு தொட்டி நிரப்புவார். தாய்ச்செடியில் விரல் நீளக் கிளை ஒன்றை ஒடித்து, கீழ் இலைகளை உருவிவிட்டு நடுவார். மரமாகிப் போன தண்டில் ஒடித்துவிடாதபடி, "கட்டைல வெக்காத" என்று கூட நிற்கும் ஜோதிகாவிடம் ஒவ்வொரு முறையும் சொல்வார். அடிக்கு ஒரு தொட்டி. எரு கிடையாது. தண்ணீர், தொட்டியைத் தூக்கிப் பார்த்து, இலேசாக இருந்தால் மட்டும். வெயில் எவ்வளவு கிடைத்தாலும் சரி.

ஜூலையில் பயணி ஒருவன் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது என்று வயிற்றில் உதைத்தான். இருநூற்றுப் பதினான்கு நாள். அவன் கழுத்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஸ்பேனரும்தான். யுவராணி குனிந்து சாலையோரம் வாந்தி எடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். நவம்பர் மழையில், பாடி பாலத்தடியில் இடம் விடவில்லை என்று ஒரு லாரி கிளீனர் முதுகில் கட்டையால் போட்டான். எண்பத்திரண்டு நாள். அந்த வாரம் இரண்டு தொட்டிக் கன்றுகள் மழை ஈரத்தில் அழுகின; அவற்றில் பிறகு புதுக் கிளை நட்டார். வண்டியின் பழைய தார்ப்பாயைக் கட்டி, நாலு பக்கமும் காற்றுப் போக வழிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றினார். முதுகில் கட்டையின் தடம் வரிவரியாக இருந்ததால் அவரால் குனிய முடியவில்லை. தார்ப்பாயின் கீழ் முனைகளை ஜோதிகா கட்டினாள். கட்டும்போது கேட்டாள்.

"எவன்னு சொல்லும்மா."

"சொன்னா இன்னா செய்வ?"

ஜோதிகா முடிச்சை இறுக்கினாள். அவள் இறுக்கிய விதம் யுவராணிக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரியில் தாய்ச்செடி பூத்தது. ஊதாக் கதிர்கள் இருபத்திரண்டு. எழிலரசிக்குப் படம் அனுப்பினார். பூ முடிந்ததும் வெட்டிவிடணும், இல்லையென்றால் செடி தாறுமாறாகப் போய்விடும் என்று எழிலரசி பதில் போட்டிருந்தார். மேலே பச்சையில் மூன்றில் ஒரு பங்கு. கீழே மரக்கட்டையாகிவிட்ட தண்டில் மட்டும் வெட்டு விழக் கூடாது. விழுந்தால் திரும்பத் துளிர்க்காது.

பிப்ரவரி நான்கு. ஸ்டாண்டில் வண்டி வரிசையில் நிற்கும்போது யுவராணி எழிலரசிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பத்தடி தள்ளி, தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த கிஷோர் என்ற ஓட்டுநர் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் காதில் விழுந்தது இது:

"மேடம், பத்தாம் தேதி வெட்டிடறேன். ஒம்போதோட பத்திரமும் முடியுது, அப்பால கை ஃப்ரீ. தலைலேந்து மூணுல ஒரு பங்கு எடுத்தா போதும். கட்டை வரைக்கும் எறக்க மாட்டேன், செத்துப்பூடும். உயிரோட இர்க்கணும், ஆனா அடங்கி இர்க்கணும். வெட்டினதுல கொஞ்சம் துணில சுத்தி உங்களுக்கு எடுத்தாரேன்."

கிஷோர் நேராகச் சம்பந்தத்திடம் போனார். "மாமே, தேதி குறிச்சிட்டாடா. யாரோ மேடமாம், அவங்களுக்குத் துணில சுத்திக் குடுக்கிறாளாம்."

"இன்னாத்த?"

"தெர்ல. தலைலேந்து மூணுல ஒரு பங்கு."

சம்பந்தம் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டானாம். அறையின் விலை பூஜ்யமாகப் போகிற நாளைத்தான் அவனும் ஒரு வருடமாக எண்ணிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தான். யுவராணியை வரச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் இளங்கோ அவருடைய போனை வாங்கி, மெசேஜை இரண்டு தடவை கேட்டார்.

"யாரைம்மா வெட்டப் போற?"

"லாவண்டர சார்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "லாவண்டரா? எந்த ஏரியா? பாடியா, கொரட்டூரா?"

ஏட்டு ரவுடிகள் பட்டியலைப் புரட்டினார். "நம்ம லிஸ்ட்ல பினாயில்னு ஒருத்தன் இருக்கான் சார். லாவண்டர் இல்ல."

"செடி சார் அது!"

"செடியா? கஞ்சாவா?"

"எல்லாச் செடியும் கஞ்சா இல்ல சார்." யுவராணி வெளியே போய், வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த கதிர் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். இன்ஸ்பெக்டர் முகர்ந்தார். ஏட்டிடம் நீட்டினார்.

"பெரிய ஓட்டல் பாத்ரூம் வாசனை சார்" என்றார் ஏட்டு.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சம்பந்தம் எழுந்தான். "நடிக்கிறா சார்! செடிய வெட்டறதுக்கு எவளாச்சும் பத்திரம் முடியற வரைக்கும் காத்துகினு இருப்பாளா?"

"பூ வாடணும்ல, நைனா. உன் மூஞ்சி மாரி."

நிலையத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் இருவரையும் எச்சரித்து அனுப்பினார். வாசலில் சம்பந்தம் யுவராணியின் கைகளைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையை, பிறகு இடது கையை. சிரிப்பு அவனை இன்னும் பயமுறுத்தியிருந்தது.

பிப்ரவரி ஏழு, காலை ஆறரை. யுவராணி மாடியில் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். ஜோதிகா உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். படியில் செருப்புச் சத்தம். சம்பந்தமும் இரண்டு பேரும் வந்தார்கள். மூவர் கையிலும் இரும்புக் குழாய்.

"பத்தாந்தேதி கை இருந்தாத்தானடி வெட்டுவ" என்றான் சம்பந்தம்.

முதல் அடி வலது முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கீழே வாசல் கழுவிக்கொண்டிருந்த கெங்கம்மாளுக்குக் கேட்டது. தொட்டி உடைந்தது என்று நினைத்தார். அடுத்ததாக உண்மையாகவே தொட்டி உடைந்தது. மற்ற இருவரும் வரிசையாக உடைத்தார்கள். காரைத்தூள் புகையாக எழுந்தது. மிதிபட்ட லாவண்டர் மாடி முழுக்க மணத்தது. யுவராணி துணிக்கொடியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். விடவில்லை. மூன்று நாள். மூன்றே நாள். சம்பந்தம் குழாயை மறுபடி ஓங்கினான், இந்த முறை கொடியைப் பிடித்த கைக்கு.

குழாய் இறங்கவில்லை. உள்ளிருந்து வந்த ஜோதிகா, கதவோரம் கிடந்த சம்மட்டியை எடுத்து, பின்னாலிருந்து அவன் தோளில் இறக்கியிருந்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே எலும்பு உள்ளே மடங்கியது. அவன் மண்டியிட்டான். இரண்டாவது அடி முழங்காலில். அவன் மல்லாந்து விழுந்து, வாயைத் திறந்தும் சத்தம் வராமல் கிடந்தான். கூட வந்த இருவரும் குழாய்களைப் போட்டுவிட்டுப் படியில் உருண்டு ஓடினார்கள். ஜோதிகா காலை அகட்டி நின்று சம்மட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். இந்த முறை அவள் பார்த்தது அவன் நெற்றியை.

"கட்டைல வெக்காதடி!" என்று கத்தினார் யுவராணி.

வேறு எந்தச் சொல்லும் அவருக்கு அப்போது வரவில்லை. ஜோதிகா ஒரு வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள். சம்மட்டி மேலேயே நின்றது. பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் இறங்கியது.

"நான் எதுலயும் கையெழுத்து போடலம்மா" என்றாள். பல் கிட்டித்திருந்தது.

"தெரியும். அத்த இங்க குடு. உள்ள போயி கைய கழுவு. சோப்பு போட்டு."

இன்ஸ்பெக்டர் இளங்கோ வந்தபோது யுவராணி சம்மட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு, உடைந்த தொட்டிகளின் நடுவே உட்கார்ந்திருந்தார். வலது முன்கை கோணலாகத் தொங்கியது.

"யாரும்மா அடிச்சது?"

"நான்தான் சார்."

"இந்தக் கையை வச்சிக்கிட்டா?"

"லெப்ட் கை சார். ஒரு வருஷமா ரெஸ்ட்ல இருந்திச்சு."

இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் பார்த்தார். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் ஈரக் கையோடு நின்றாள். கழுவிய பிறகும் நகக்கண்ணில் வெள்ளைக் காரை இருந்தது. "உன் வீட்டு மாடி ஏறி வந்து அடிச்சிருக்கானுங்க. தற்காப்புக்கு யார் அடிச்சாலும் கேஸ் பெருசா நிக்காது. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டுதான் சார் சொல்றேன். அவ பேர் எந்தக் காயிதத்துலயும் வரக் கூடாது."

இன்ஸ்பெக்டர் ஸ்டிரெச்சரில் கிடந்த சம்பந்தத்திடம் போனார். "யார் அடிச்சது?"

சம்பந்தம் கதவைப் பார்த்தான். ஜோதிகாவும் அவனைப் பார்த்தாள். ஸ்டாண்டில் நாளை என்ன சொல்வது என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பாண்டு ராணியிடம் அடி வாங்கியவன் பாவம். பள்ளிக்கூடப் பெண்ணிடம் அடி வாங்கியவனுக்கு வேறு பேர் வைப்பார்கள்.

"அவதான் சார்" என்றான், யுவராணியைக் காட்டி. "யுவராணி."

ஒரு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். சம்பந்தத்தை மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே அறை வாசலில் காவலுக்கு ஆள் போட்டார். ஓடிய இருவரையும் பத்து மணிக்குள் பிடித்தார்கள். யுவராணிக்கு மாவுக்கட்டு போட்ட பிறகு, பத்திரத்தை மீறியதற்கான உத்தரவு வந்தது. அதே பழைய எழுத்தர் தேதியைப் பார்த்து எண்ணினார்.

"ஏழு, எட்டு, ஒம்பது. மூணு நாள்மா."

"சல்லிசாத்தான் கீது" என்றார் யுவராணி.

வேனில் ஏறும்போது கெங்கம்மாளிடம் இரண்டு விஷயம் சொன்னார். பொண்ணைத் தினமும் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும். மிச்சமிருக்கும் செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பத்தாம் தேதி காலையில் யுவராணி வெளியே வந்தார். தாய்ச்செடி தப்பியிருந்தது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்ததால் அவர்கள் கண்ணில் படவில்லை. கன்றுகளில் ஒன்றுதான் மிச்சம். ஜோதிகா பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் யுவராணி கத்தரியை இடது கையில் பிடித்து வெட்டப் பார்த்தார். நாலு கிளைக்கு மேல் முடியவில்லை. மீதியை ஜோதிகா வந்து வெட்டினாள். ஒரு வெட்டும் கட்டையில் விழவில்லை. எழிலரசிக்கு ஒரு கட்டு, துணியில் சுற்றி வைத்தார்கள். ஏழாம் தேதி மாடி முழுக்க மணத்த அதே வாசனை. ஜோதிகா அந்தக் கொத்தை முகரவே இல்லை என்பதை யுவராணி கவனித்தார்.

பிறகு அவர் கீழே இறங்கி, கெங்கம்மாள் வாசலில் உட்கார்ந்தார். கெங்கம்மாள் டீயை இடது கைக்கு வாட்டமாக வைத்தார். பாதி டீ குடிக்கும்போது மாடியில் சத்தம் ஆரம்பித்தது. டங். டங். டங். கூரையிலிருந்து பூச்சு உதிர்ந்து டீயில் விழுந்தது.

கெங்கம்மாள் பழக்கத்தில் தலையைத் தூக்கி, "இன்னிக்கி எவன்டி?" என்று கத்தினார். கத்திய பிறகுதான் பக்கத்தில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறவர் யார் என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தார்.

"ஆறு தொட்டி ஒடஞ்சிடுச்சில்ல" என்றார் யுவராணி. "ரொப்பணும்."

மேலே அடி மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. ஆறு தொட்டிக்கான காரை எவ்வளவு நேரத்தில் உடையும் என்பது யுவராணிக்குக் கைக்கணக்கு. அந்த நேரம் கடந்தது. டீ ஆறியது. சம்மட்டி நிற்கவில்லை. யுவராணி டம்ளரை வைத்துவிட்டு, நல்ல கையைச் சுவரில் ஊன்றி எழுந்து, படியில் ஏறினார்.